அகிதாவின் உப்பும் ஹிசயாமாவின் கணக்கும்

ஜப்பானில் 1951 முதல் 1980 வரை மனிதர்களை மிக அதிகமாகக் கொன்ற நோய், மூளையின் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ வரும் பக்கவாதம். முப்பது ஆண்டுகள் அந்த முதலிடத்தை வேறெந்த நோயும் பிடிக்கவில்லை. 1981இல் புற்றுநோய் அதைத் தாண்டியது. 1985இல் இதயநோய் தாண்டியது. 2011இல் நிமோனியாவும் முந்திக்கொள்ள, பக்கவாதம் நான்காம் இடத்துக்கு இறங்கியது. வயது வேறுபாட்டைச் சமன்செய்து பார்த்தால், 1965க்கும் 2005க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பக்கவாத இறப்பு விகிதம் ஆண்களிடமும் பெண்களிடமும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருக்கிறது. வயதைச் சமன்செய்வது முக்கியம். முதியவர்கள் பெருகிக்கொண்டே போகும் நாட்டில் வெறும் தலைக்கணக்கு எப்போதும் நிலைமையை உள்ளதைவிட மோசமாகவே காட்டும்.

இந்தச் சரிவின் அளவைவிட அதன் காலம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து ஜப்பானில் அனுமதி பெற்றது 2005 அக்டோபரில். மண்டையைத் திறக்காமல் மூளைக்குள் பார்க்க உதவும் சிடி ஸ்கேன் அந்த நாட்டுக்கு வந்தது 1975இல். இறப்பு விகிதம் இறங்கத் தொடங்கியது அதற்கும் பத்தாண்டுகள் முன்பு. ஸ்கேன், ஊசி, இத்தனை மணி நேரத்துக்குள் என்ற கணக்கு என்று இன்று பக்கவாதத்தைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் நினைக்கும் எல்லாமே, இறப்பைக் குறைக்கும் வேலை தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தவை. அப்படியானால் அந்த வேலையைச் செய்தது யார்?

வேலை நிமித்தம் வடக்கு ஜப்பானின் அகிதா மாகாணத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது அங்கேதான். ஜப்பானே பக்கவாதத்துக்குப் பேர்போன நாடாக இருந்த காலத்தில், அந்த ஜப்பானுக்குள் பேர்போன இடம் அகிதா. வருடத்தில் பல மாதம் பனி மூடிய ஊர். காய்கறி விளையாத அந்த மாதங்களுக்காக இலையுதிர்காலத்திலேயே முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் உப்பில் ஊறவைத்துவிடுவார்கள். முள்ளங்கியை அடுப்புப் புகையில் தொங்கவிட்டுப் பிறகு ஊறவைக்கும் இபுரிகக்கோ இன்றும் அங்கே பெருமைக்குரிய பண்டம். உப்பிட்ட மீன், மீனையே நொதிக்கவைத்துப் பிழிந்த ஷொத்சுரு என்ற சாறு, வேளைக்கு வேளை நொதித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், இவை எல்லாவற்றையும் தாங்க மலைபோலச் சோறு. இறைச்சி, முட்டை, பால் அபூர்வம். வயலில் முதுகொடியும் உழைப்பு, இரவில் அரிசி மது, உறைபனியில் கணப்பில்லாத படுக்கையறை. கருவாடும் ஊறுகாயும் வைத்துப் பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சாப்பாட்டின் நியாயம் உடனே புரிந்தது. தொட்டுக்கொள்வது குறைவாக இருக்கும்போது அது உறைப்பாகவோ உப்பாகவோ இருந்தாக வேண்டும்.

1960இல் லூயிஸ் டால் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வரைபடம் வெளியிட்டார். அலாஸ்காவின் பழங்குடியினர், மார்ஷல் தீவினர், அமெரிக்கர்கள், தெற்கு ஜப்பானியர், வடக்கு ஜப்பானியர் என்று ஐந்து மக்கள்கூட்டங்கள். ஒரு பக்கம் அவர்கள் உண்ணும் உப்பு, மறுபக்கம் அவர்களில், பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் பங்கு. ஐந்து புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றன. கோட்டின் உச்சியில் வடக்கு ஜப்பான்: நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்பு 5 கிராம். ஐந்தே புள்ளிகளை வைத்துக்கொண்டு இது காரணம், இது விளைவு என்று முடிவுகட்ட முடியாது. பின்னால் வந்தவர்கள் அந்த வரைபடத்தைக் கடுமையாக விமர்சித்தது நியாயம்தான். ஆனாலும் அந்த உச்சிப் புள்ளி ஜப்பானின் பொதுச் சுகாதாரத்துறையினரைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். பக்கத்து ஆவோமோரி மாகாணத்தில் ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் சசாகி நவோசுகே 1950களிலேயே ஊர் ஊராகப் போய் ரத்த அழுத்தம் அளந்துகொண்டிருந்தார். ஆப்பிள் விளையும் ஊர்களில் அழுத்தம் குறைவாக இருப்பதைக் கவனித்து, ஆப்பிளில் உள்ள பொட்டாசியத்தை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னவர் அவர்.

ஆனால் உப்பைக் குறை என்று ஒரு நாட்டுக்குச் சொல்வதற்கு முன்னால், அந்த நாட்டில் மக்கள் எதனால் சாகிறார்கள் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். அங்கேயே ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அன்றைய ஜப்பானிய இறப்புச் சான்றிதழ்களின்படி, ரத்தக்குழாய் வெடித்து மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவர்கள், குழாய் அடைத்து இறந்தவர்களைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். மேற்கத்திய நாடுகளில் இப்படி ஒரு விகிதமே கிடையாது. சான்றிதழ் எழுதும் மருத்துவர்கள் பக்கவாதம் என்றாலே ரத்தக்கசிவு என்று எழுதிவிடுகிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். ஸ்கேன் இல்லாத காலம். உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, இறந்தவரின் மூளையைத் திறந்து பார்ப்பது.

அதைத்தான் செய்தார்கள். தெற்கே ஃபுகுவோகா நகரத்தை ஒட்டிய ஹிசயாமா என்ற சிற்றூரை 1961இல் கியூஷூ பல்கலைக்கழகத்தின் கட்சுகி ஷிபனோசுகே குழு தேர்ந்தெடுத்தது. வயது வாரியாகவும் தொழில் வாரியாகவும் அந்த ஊரின் மக்கள்தொகை அன்றைய ஜப்பானின் சிறு நகல் போல இருந்ததே காரணம். நாற்பது வயது கடந்த எல்லோரையும் பரிசோதித்துப் பெயரெழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருவரையும் விடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். ஊரில் ஓர் இறப்பு நிகழ்ந்தால் மருத்துவர்கள் அந்த வீட்டுக்குப் போய், இறந்தவர் முன் வணங்கி, உறவினர்களிடம் உடற்கூறாய்வுக்கு அனுமதி கேட்டார்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேரின் குடும்பங்கள் சம்மதித்தன.

இதை முதலில் படித்தபோது நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. இழவு வீட்டு வாசலில் நின்று அப்படி ஒரு கேள்வியைக் கேட்பதற்கு எவ்வளவு நம்பிக்கையைச் சேர்த்துவைத்திருக்க வேண்டும்! நம் ஊரில் அந்தக் கேள்வியை வாயெடுத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஹிசயாமாவின் விவசாயக் குடும்பங்களுக்கும் அது எளிதாக இருந்திருக்காது. ஊர் மருத்துவர்களும் நகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பரிசோதனை முடிவுகளை ஒவ்வொருவருக்கும் திருப்பிச் சொல்லி, சிகிச்சைக்கு வழிகாட்டி வளர்த்த உறவு அது. அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது.

உடற்கூறாய்வுகளின் முடிவில், அடைப்பால் வரும் பக்கவாதம் சான்றிதழ்கள் காட்டியதைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. கசிவு பத்து மடங்கு என்ற கணக்கு நிற்கவில்லை. நோய் கொடியதுதான், ஆனால் அதன் உருவம் வேறாக இருந்தது.

ஹிசயாமா தந்த இன்னொரு கொடைதான் எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுகிறது. பக்கவாத இறப்பு குறைந்தது என்று ஒரு நாடு சொன்னால் அதற்குள் இரண்டு வேறு செய்திகள் இருக்கலாம். ஒன்று, முன்பு போல அவ்வளவு பேரை நோய் தாக்கவில்லை. மற்றொன்று, தாக்குதல் அப்படியேதான் இருக்கிறது, பிழைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இறப்புப் பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஒரு குடும்பத்துக்கு இவற்றுக்கிடையே இருக்கும் தூரம் மிகப் பெரியது.

என் ஆச்சிக்கு வலது கையும் காலும் விழுந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் அதில் இறக்கவில்லை. பல ஆண்டுகள் கட்டிலில் கிடந்தார். பேச்சு குழறி, பிறகு நின்றேபோனது. அம்மாவின் நடுவயது முழுக்க அந்தக் கட்டிலைச் சுற்றியே கழிந்தது. ஆச்சி இறந்தபோது காரணம் முதுமை என்று எழுதப்பட்டது. எந்த நாட்டின் பக்கவாத இறப்புக் கணக்கிலும் ஆச்சி வரமாட்டார். அம்மாவின் அந்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலுமே வராது. ஆகவே இறப்பு விகிதம் இறங்கும் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனை பேருக்குப் புதிதாக வந்தது என்ற கோட்டையும் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஹிசயாமாவால் அதைக் காட்ட முடிந்தது. 1961, 1974, 1988 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிப் பின்தொடர்ந்த ஊர்மக்களின் மூன்று குழுக்களை ஒப்பிட்டார்கள். முதல் குழுவுக்கும் இரண்டாம் குழுவுக்கும் இடையே, அடைப்பால் புதிதாக வரும் பக்கவாதம் ஆண்களில் 37 விழுக்காடும் பெண்களில் 32 விழுக்காடும் குறைந்தது. ஆண்களில் ரத்தக்கசிவு 61 விழுக்காடு குறைந்தது. பிழைப்பவர்களின் பங்கும் கூடியது. நோய் தாக்குவதே குறைந்ததும், தாக்கியபின் பிழைப்பது கூடியதும் சேர்ந்து இறப்பைக் குறைத்தன. இரண்டில் முந்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முந்தியது எப்படி நடந்தது என்பதற்கு மீண்டும் அகிதாவுக்கு வர வேண்டும். அங்கே இகாவா என்ற நெல் விளையும் ஊரில் 1963இல், ஒசாகாவிலிருந்து வந்த கோமாச்சி யோஷியோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் ரத்த அழுத்தப் பரிசோதனை. அழுத்தம் கூடியவர்களுக்கு மருத்துவரிடம் வழிகாட்டுதல். பரிசோதனைக்கு வராதவர்களையும், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களையும் தேடிப் பொதுச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே போவது. உப்பைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவது. இவ்வளவுதான். வடகிழக்கிலேயே உள்ள இன்னொரு கிராமப்புறத்தில் இதே வேலை மிகக் குறைந்த அளவில் மட்டும் நடந்தது. 1980களின் நடுப்பகுதிக்கு வந்தபோது இகாவாவின் ஆண்களில் புதிய பக்கவாதம் 75 விழுக்காடு குறைந்திருந்தது. மற்ற ஊரில் 29 விழுக்காடு. பெண்களில் இரு ஊர்களுக்கும் இடையே அவ்வளவு தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த 75க்கும் 29க்கும் இடைப்பட்ட தூரம், சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகப் போன பெண்களின் தூரம். ஹோகென்ஃபு என்று அந்தச் செவிலியரை அன்று அழைத்தார்கள். அகிதாவில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்த மூதாட்டி, தன் அப்பாவைப் பரிசோதனைக்கு இழுத்துப்போக ஒரு ஹோகென்ஃபு அறுவடைக் காலத்தில் வயல் வரப்பிலேயே வந்து நின்றதைச் சொல்லியிருக்கிறார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எனக்கெதற்கு மாத்திரை என்று அவருடைய அப்பா கேட்டாராம். இதே வாக்கியத்தை நான் திருநெல்வேலியில் எத்தனை பெரியப்பாக்கள், மாமாக்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். உயர் ரத்த அழுத்தம் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடச் சொல்வது மருத்துவத்திலேயே கடினமான காரியங்களில் ஒன்று. அதை ஒரு மருந்துச்சீட்டால் செய்துவிட முடியாது. மறுபடி மறுபடி வந்து கேட்கும் ஒரு மனிதர் வேண்டும்.

இகாவாவைப் போன்ற ஊர்கள் பல இருந்தன. மலைகள் சூழ்ந்த நாகானோ மாகாணத்தில் வகாத்சுகி தோஷிகாசு என்ற மருத்துவர் 1945 முதலே சாகு மருத்துவமனையிலிருந்து கிராமங்களுக்குப் போய், நாடகம் போட்டு நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1959இல் யாச்சிஹோ என்ற கிராமம் முழுவதற்கும் ஆண்டுப் பரிசோதனை தொடங்கியது. வீட்டில் ஓர் அறையையாவது சூடாக வைத்திருங்கள் என்று ஓர் இயக்கமே நடந்தது. குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அது வசதியைப் பற்றிய பேச்சாக இல்லாமல் உயிரைப் பற்றிய பேச்சாக இருந்தது. தன்னார்வப் பெண்கள் உப்பளவுக் கருவியோடு வீடுகளுக்குப் போய் மிசோ சூப்பில் அதை நனைத்துப் பார்த்தார்கள். தன் சமையலில் வேறொருத்தி குச்சியை விட்டு அளப்பதை எந்த வீட்டுக்காரி பொறுப்பாள்? பொறுத்தார்கள். அளக்க வந்தவள் அதே ஊர்க்காரி, அடுத்த ஆண்டு இந்த வீட்டுக்காரியே அளக்கப் போகலாம் என்ற ஏற்பாடு இருந்தது. பக்கவாத இறப்பில் முன்வரிசையில் நின்ற நாகானோ, 2010 கணக்கில் ஆண், பெண் இருபாலரின் ஆயுட்காலத்திலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது.

முழுப் பெருமையையும் இந்த இயக்கங்களுக்கே கொடுத்துவிட முடியாது. 1961இல் ஜப்பானியர் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. மாத்திரை வாங்கும் செலவு கைக்கு அடங்கியது. குளிர்பதனப்பெட்டி இன்னொரு காரணம். 1960இல் பத்து வீடுகளில் ஒன்றில் இருந்த அந்தப் பெட்டி 1970க்குள் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. மீனையும் காயையும் உப்பில் புதைத்துக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அகன்றது. இறைச்சியும் பாலும் முட்டையும் சாப்பாட்டில் கூடின. ரத்தத்தில் கொழுப்பு மிகக் குறைவாகவும் அழுத்தம் மிக அதிகமாகவும் இருந்தால் மூளையின் நுண்ணிய குழாய்கள் எளிதில் வெடிக்கும். அந்தச் சேர்க்கை கலைந்தது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1960களின் நடுவில் ஜப்பானிய ஆண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் புகைபிடித்தார்கள். அவ்வளவு புகையின் நடுவிலும் பக்கவாதம் சரிந்திருக்கிறது என்றால், ரத்த அழுத்தம் எத்தனை பெரிய காரணி என்பது புரியும்.

1980களுக்குப் பிறகு சரிவின் வேகம் குறைந்தது. ஹிசயாமாவின் மூன்றாவது குழுவில், பெண்களிடம் அடைப்பு வகைப் பக்கவாதத்தின் இறக்கம் தளர்ந்தது. பெண்களின் ரத்தக்கசிவோ மூன்று குழுக்களிலும் பெரிதாக மாறவே இல்லை. அழுத்தம் குறைந்த அதே காலத்தில் சர்க்கரைக் கோளாறும் கொழுப்பும் உடல் பருமனும் பெருகியிருந்தன. பழைய காரணத்தை வென்ற நாட்டில் புதிய காரணங்கள் உள்ளே வந்துவிட்டன. ஜப்பானியர் இன்றும் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு சாப்பிடுகிறார்கள். ஆயுள் நீண்டதால் பக்கவாதத்தின் இன்னொரு முகமும் வெளியே வந்தது. முதுமையில் இதயத்துடிப்பு தாளம் தவறி, இதயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்கு ஏறி அடைப்பது. ஜப்பான் முழுக்கக் கொண்டாடிய பேஸ்பால் வீரர் நகாஷிமா ஷிகெயோ 2004 மார்ச்சில் இப்படித்தான் விழுந்தார். வலப்பக்கம் செயலிழந்தது. அவர் வீட்டுக்குள் முடங்காமல், இடக்கையை மட்டும் அசைத்தபடி மைதானங்களுக்கு வந்தார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்கவிழாவில் பழைய தோழர்கள் தாங்கிக்கொள்ள, தீபத்தோடு அவர் மெல்ல நடந்ததை நாடே பார்த்தது.

அவரைப் போலப் பிழைத்தவர்கள் ஏராளம். நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படுவதற்கான காரணங்களில் பக்கவாதம்தான் நெடுங்காலம் ஜப்பானில் முதலிடத்தில் இருந்தது. 2016 கணக்கெடுப்பில்தான் மறதிநோய் அதை முந்தியது. அதாவது, கொல்லும் நோய்களின் பட்டியலில் இறங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், கட்டிலில் கிடத்தும் நோய்களின் பட்டியலில் அது மேலேயே நின்றது. 2018 டிசம்பரில் பக்கவாதத்துக்கும் இதயநோய்க்கும் என்று தனியாக ஓர் அடிப்படைச் சட்டத்தையே நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு இரண்டு விஷயங்கள் நம்பிக்கை தருகின்றன. ஒன்று, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க விரிந்த மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அகிதாவின் வயல் வரப்பு நினைவுக்கு வருகிறது. ஏற்கெனவே கை கால் விழுந்தவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதே திட்டத்தில் வீடு தேடி வருகிறது. அது அம்மாவுக்கு அன்று கிடைக்காத உதவி.

மற்றொன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நோய்த்தகவல் மையம் நடத்தும் பக்கவாதப் பதிவேடுகள். வாரணாசி, கட்டாக், கோட்டா, கச்சார் ஆகியவற்றோடு திருநெல்வேலியும் அந்த ஐந்து இடங்களில் ஒன்று. குறிப்பிட்ட பகுதியில் வாழும் மக்களில் யாருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தாலும் அதைத் தேடி எழுதிக்கொள்வதே அதன் வேலை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராதவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

வீடு தேடிப் போகும் மாத்திரையும், ஊரையே எண்ணும் பதிவேடும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருக்கின்றன. ஜப்பானில் இகாவாவும் ஹிசயாமாவும் நாட்டின் இரு கோடிகளில் இருந்தன. இங்கே இரண்டும் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கின்றன. ஆகவே நான் கேட்பது இதுதான். திருநெல்வேலிப் பதிவேட்டை நிதி தீர்ந்தது என்றோ திட்டக்காலம் முடிந்தது என்றோ இடையில் நிறுத்தாமல் குறைந்தது இருபது ஆண்டுகள் நடத்துங்கள். மாத்திரை கொடுக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது, அந்த ஆண்டில் எத்தனை பேருக்குப் புதிதாகக் கை கால் விழுந்தது என்ற இரண்டு எண்களையும் ஆண்டுதோறும் வட்டார வாரியாகப் பொதுவில் வெளியிடுங்கள். பாளையங்கோட்டையிலும் ராதாபுரத்திலும் அந்த எண்கள் வேறுவேறாக இருந்தால், ஏன் என்று கேட்க அந்தந்த ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.